மண் பரிசோதனையோடு உடல் பரிசோதனை: மாரடைப்பைத் தவிர்க்க உழவர்கள் செய்ய வேண்டியவை

சம்பாப் பட்டத்திற்கு முன் மண் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவது இன்று வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பெரும்பாலான உழவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. கார அமில நிலை என்ன, உப்பின் அளவு என்ன, தழை, மணி, சாம்பல் சத்துக்கள் எவ்வளவு என்று அட்டையைப் பார்த்துச் சொல்லும் உழவர்கள் பலர் உள்ளனர். அவர்களிடம் "உங்கள் இரத்த அழுத்தம் எவ்வளவு?" என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. "எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பதே பதிலாக இருக்கிறது.

பயிர் பச்சையாக இருப்பதால் மட்டும் நிலத்தில் குறை இல்லை என்று நாம் முடிவு செய்வதில்லை. வெளியில் அறிகுறி காட்டாத சத்துப் பற்றாக்குறை விளைச்சலைக் குறைக்கும் என்பது நமக்குத் தெரியும். உடலும் அப்படித்தான். இரத்தக் கொதிப்பும், இரத்தத்தில் உள்ள கெட்ட கொழுப்பும் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் உள்ளே வேலை செய்கின்றன. முதல் அறிகுறியே மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ இருக்கக்கூடும்.

இக்கட்டுரையை எழுதும் நான் மருத்துவன் அல்லன், உழவியல் ஆசிரியன். எனினும் இதை எழுதக் காரணம் உண்டு. பாகூர்ப் பகுதியில் நெல் சாகுபடி செய்து வந்த என் தந்தைக்கு 52-ஆம் வயதில் இரத்தக் கொதிப்பு இருப்பது தெரிந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார். அளவு சரியாகிவிட்டது என்றதும் நிறுத்திவிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் நெஞ்சை யாரோ அழுத்துவது போல் இருந்தது. வாயுத் தொல்லை என்று நினைத்துச் சோடா குடித்துவிட்டுப் படுத்தார். மறுநாள் காலையில்தான் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். உயிர் பிழைத்தார். ஆனால் இதயத் தசையின் ஒரு பகுதி அந்த இரவிலேயே செத்துவிட்டது. அதன் பிறகு அவரால் ஒரு மூட்டை தூக்கவோ, வரப்பில் அரை மணி நேரம் தொடர்ந்து நடக்கவோ இயலவில்லை. அவர் செய்த மூன்று தவறுகளையும், அதாவது மாத்திரையை நிறுத்தியது, மீண்டும் பரிசோதிக்காதது, வலி வந்தபின் காத்திருந்தது ஆகியவற்றை நம் ஊர்களில் இன்றும் பலர் செய்து வருகிறார்கள்.

புதுவையின் நிலை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 2008 முதல் 2020 வரை நாடு முழுவதும் 1,13,043 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அவர்களில் 79,506 பேர் கிராமத்தினர். அதன் முடிவுகள் 2023-இல் வெளியாயின. 20 வயதிற்கு மேற்பட்டவர்களில் நாடு முழுவதும் சர்க்கரை நோய் உள்ளவர்கள் நூற்றுக்கு 11.4 பேர். கோவாவில் 26.4. அதற்கு அடுத்தபடியாகப் புதுச்சேரியில் 26.3. அதாவது நம் மாநிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. அதே ஆய்வில் நாடு முழுவதும் நூற்றுக்கு 35.5 பேருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. இவை இரண்டும் மாரடைப்பின் முக்கியக் காரணங்கள் ஆகும்.

"உழைப்பவனுக்கு மாரடைப்பு வராது" என்ற எண்ணம் நம்மிடையே உள்ளது. ஏர் பிடித்து, ஏற்றம் இறைத்து, அறுத்துக் கட்டிச் சுமந்த காலத்தில் அதில் உண்மை இருந்திருக்கலாம். இன்று டிராக்டர் உழுகிறது, மோட்டார் இறைக்கிறது, அறுவடை இயந்திரம் அறுத்து அடித்துத் தருகிறது, வயலுக்குக்கூட இரு சக்கர வண்டியில்தான் செல்கிறோம். உழைப்பு குறைந்தது, தட்டில் விழும் சோற்றின் அளவு குறையவில்லை.

அடைப்பு எப்படி ஏற்படுகிறது?

பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணை நீரைக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலை எண்ணிப் பாருங்கள். ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வண்டல் படிகிறது. நீரோட்டம் குறைந்தாலும் முதலில் யாருக்கும் தெரிவதில்லை. ஒரு நாள் கரை சரிந்து மண் விழுந்தால், ஏற்கனவே குறுகிய வாய்க்கால் முற்றிலும் அடைபடுகிறது. கடைமடை வயல் காய்கிறது.

இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 70 முறை சுருங்கி விரியும் ஒரு பம்பு. அதற்கும் உணவும் பிராணவாயுவும் வேண்டும். அவற்றைக் கொண்டுவருபவை இதயத் தமனிகள் என்னும் குழாய்கள். இக்குழாய்களின் உட்சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்பு படிகிறது. இரத்த அழுத்தம் கூடினால் சுவர் சிராய்ப்புப் பட்டு, படிவு விரைவாகிறது. சர்க்கரையும் புகையிலையும் சுவரைக் கெடுக்கின்றன. ஒரு நாள் இப்படிவின் மேல்தோல் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் சில நிமிடங்களில் இரத்தம் உறைந்து கட்டியாகிக் குழாயை அடைத்துவிடுகிறது. அதற்கு அப்பால் உள்ள தசை பிராணவாயுவின்றி மடியத் தொடங்குகிறது. இதுவே மாரடைப்பு. இதே அடைப்பு மூளைக் குழாயில் ஏற்பட்டால் பக்கவாதம்.

படிவு பாதி அளவே இருக்கும்போதும் அது வெடிக்கலாம். ஆகவே "நேற்று வரை நன்றாக வேலை செய்தாரே" என்று வியப்பதற்கு ஒன்றுமில்லை.

காரணங்கள் கூடக் கூட ஆபத்து பெருகும்

52 நாடுகளில், மாரடைப்பு வந்த சுமார் 15,000 பேரையும் வராத ஏறத்தாழ அதே எண்ணிக்கையினரையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. முதல் மாரடைப்புக்கான காரணங்களில் பத்தில் ஒன்பது பங்கு ஒன்பது காரணங்களில் அடங்கிவிடுவதாக அது காட்டியது. அவை: இரத்தத்தில் கெட்ட கொழுப்பு, புகைப்பழக்கம், இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், தொந்தி, மன அழுத்தம், காய்கனிகள் குறைவாக உண்ணுதல், மது, உடலுழைப்பின்மை. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலும், பிறருக்கு சுமார் 59 வயதிலும் வருவதும் தெரிய வந்தது. நமக்கு ஆறு ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. குடும்பத்தைத் தாங்கும் வயது அது.

ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு மட்டும் இருப்பது வேறு. கொதிப்பும், சர்க்கரையும், பீடிப் பழக்கமும் சேர்ந்து இருப்பது வேறு. பூச்சி, நோய், வறட்சி மூன்றும் ஒரே பட்டத்தில் வந்தால் ஏற்படும் சேதம், அவற்றின் தனித்தனிச் சேதங்களின் கூட்டுத்தொகையைவிட அதிகமாவது போல இங்கும் ஆபத்து பெருகுகிறது. எனவே மருத்துவர்கள் ஒரே ஒரு எண்ணைப் பார்த்து முடிவு செய்வதில்லை. வயது, ஆணா பெண்ணா, புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், கொழுப்பு அல்லது உடல் எடை ஆகியவற்றைச் சேர்த்து, அடுத்த பத்து ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். இதற்கான அட்டவணையை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டுள்ளது. உங்கள் மருத்துவரிடம் "என் ஆபத்து எவ்வளவு?" என்று கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

செய்துகொள்ள வேண்டிய பரிசோதனைகள்

30 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது தேசியத் திட்டத்தின்படி அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. கணவனும் மனைவியும் சேர்ந்தே செல்லுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு வராது என்பது தவறு. மாதவிலக்கு நின்ற பின் அவர்களுக்கும் ஆபத்து ஏறுகிறது.

1. இரத்த அழுத்தம்: மேல் எண் 140-க்கும் கீழ் எண் 90-க்கும் உள்ளே இருக்க வேண்டும். இரு வேறு நாட்களில் பார்த்தும் இவற்றில் ஒன்று எட்டினாலோ தாண்டினாலோ அது இரத்தக் கொதிப்பு. சர்க்கரை நோய் அல்லது இதய நோய் உள்ளவர்களுக்கு 130/80-க்குக் கீழே வைத்திருப்பதே நல்லது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

மண் மாதிரியை வரப்போரத்திலும் எருக்குவியல் அருகிலும் எடுத்தால் முடிவு தவறாகும் அல்லவா? அதுபோல இரத்த அழுத்தம் பார்ப்பதிலும் முறை உண்டு. வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த உடனே பார்க்கக் கூடாது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் டீ, காப்பி, பீடி கூடாது. முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை இதய மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றக் கூடாது. பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்துச் சராசரியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. சர்க்கரை: காலையில் வெறும் வயிற்றில் 100 மி.கி.க்குக் கீழ் இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை எச்சரிக்கை நிலை. 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். இதை மறுமுறை பார்த்து உறுதி செய்வார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. என்ற பரிசோதனையில் 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். முதல் நாள் மட்டும் சோற்றைக் குறைத்துவிட்டுச் சோதனைக்குச் செல்பவர்களை இது காட்டிக் கொடுத்துவிடும்.

3. கொழுப்பு: மொத்தக் கொழுப்பைவிட எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பின் அளவே முக்கியம். நோயற்றவர்களுக்கு அது 100 மி.கி.க்குக் கீழே இருப்பது நல்லது. மாரடைப்பு வந்தவர்களுக்கு 70-க்கும் கீழே கொண்டுவர முயல்வார்கள்.

4. இடுப்புச் சுற்றளவு: இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை, தையல்காரரின் நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ.க்கும் பெண்களுக்கு 80 செ.மீ.க்கும் மேல் இருந்தால் எச்சரிக்கை. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன் தள்ளியிருப்பது நம்மவர்களிடம் மிகுதி. "நான் ஒல்லிதானே" என்று அவர்கள் ஏமாந்துவிடக் கூடாது.

5. சிறுநீரகம்: கொதிப்போ சர்க்கரையோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை இரத்தத்தில் கிரியேட்டினின் அளவையும், சிறுநீரில் புரதம் கழிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இ.சி.ஜி. பற்றி ஒரு சொல். ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுத்த இ.சி.ஜி. சரியாக இருந்தால் குழாயில் படிவே இல்லை என்று பொருள் அல்ல. "இ.சி.ஜி. நார்மல்" என்ற காகிதத்தை வைத்துக்கொண்டு நடக்கும்போது வரும் நெஞ்சு இறுக்கத்தைப் புறக்கணிக்காதீர்கள்.

மருந்துகள்: எதற்காக, எவ்வளவு காலம்?

இரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின், டெல்மிசார்டன் போன்ற மாத்திரைகள் தரப்படுகின்றன. மேல் எண் 10 அளவு குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகள் ஐந்தில் ஒரு பங்கு குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டுள்ளனர்.

கெட்ட கொழுப்பைக் குறைக்க அடோர்வாஸ்டேட்டின் போன்ற ஸ்டேட்டின் மாத்திரைகள் உள்ளன. இவற்றின் வரலாறு உழவர்களாகிய நமக்குச் சுவையானது. ஜப்பானில் அகிடா மாவட்டத்து உழவர் குடும்பத்தில் 1933-இல் பிறந்த அகிரா எண்டோ என்ற அறிவியலார், கொழுப்பு உற்பத்தியைத் தடுக்கும் பொருளைத் தேடிச் சுமார் 6,000 பூசண வகைகளைச் சோதித்தார். கடைசியில் கியோட்டோ நகரத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் இருந்து பிரித்த நீலப்பச்சைப் பூசணத்தில் 1973-இல் அது கிடைத்தது. கல்லீரல் கொழுப்பைத் தயாரிக்கும் வழியில் உள்ள ஒரு நொதியை அப்பொருள் தடுக்கிறது. இவ்வகையின் முதல் மாத்திரை 1987-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கெட்ட கொழுப்பு 39 மி.கி. குறையும்போது பெரும் இதயப் பாதிப்புகள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைகின்றன. சர்க்கரை நோயுள்ள 40 வயது கடந்தவர்களுக்கும், பத்தாண்டு ஆபத்து மிகுந்தவர்களுக்கும் கொழுப்பு அளவு நடுத்தரமாக இருந்தாலும் இம்மாத்திரையைப் பரிந்துரைக்கிறார்கள். (பூசணம் பிடித்த அரிசி மருந்தாகும் என்று யாரும் எண்ண வேண்டாம். அதே பூசணம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சையும் உண்டாக்குகிறது.)

"இங்கிலீஷ் மருந்து வேண்டாம், வேர் மருந்து போதும்" என்று சொல்பவர்கள் உண்டு. இரத்தக் கொதிப்புக்கு உலகம் முழுவதும் பயன்பட்ட முதல் மருந்துகளுள் ஒன்று நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேர்தான். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் அதன் பயனை இங்கிலாந்து இதய இதழில் எழுதிய பின் உலகம் அதைக் கவனித்தது. ஆனால் அளவு மிகுந்தால் அது மனச்சோர்வு முதலிய தொல்லைகளைத் தரும். வேருக்கு வேர் வீரியம் மாறும். அதனால் அதைவிடப் பாதுகாப்பான மாத்திரைகள் அதன் இடத்தைப் பிடித்தன. விதை நேர்த்திக்கு அளவு பார்க்கும் நாம், நம் உடலுக்கு அளவு தெரியாத வேரைக் கொடுக்கலாமா?

மருந்து பற்றி நினைவில் வைக்க வேண்டியவை:

• மாத்திரை சாப்பிடும்போது அளவு சரியாக இருப்பது, மாத்திரை வேலை செய்கிறது என்பதற்குச் சான்று. நோய் தீர்ந்தது என்பதற்குச் சான்று அல்ல. மோட்டாரை நிறுத்தினால் மேட்டு வயலுக்கு நீர் நிற்பது போல, மாத்திரையை நிறுத்தினால் கொதிப்பு மீண்டும் ஏறும்.

• நடவு, அறுவடைக் காலங்களில்தான் மாத்திரை விட்டுப்போகிறது. வேலை தொடங்கும் முன்பே இரண்டு மாத மருந்து கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். பல் துலக்கும் இடத்திலோ, காலை டீ குடிக்கும் இடத்திலோ வைத்தால் மறக்காது.

• அம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். சில கொதிப்பு மாத்திரைகளால் வறட்டு இருமல் வரும். ஸ்டேட்டினால் சிலருக்குத் தசைவலி வரும். இவற்றிற்கு மாற்று மருந்துகள் உண்டு. தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

• நாள் முழுவதும் குனிந்து நட்ட பின் இடுப்பு வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையை வாங்கிப் போடும் பழக்கம் பரவலாக உள்ளது. இது இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடவே கூடாது.

• ஆஸ்பிரினை எல்லோரும் முன்னெச்சரிக்கையாகத் தினமும் சாப்பிட வேண்டியதில்லை. மாரடைப்பு அல்லது பக்கவாதம் வந்தவர்களுக்கே அது பெரிதும் பயன்படும். மற்றவர்களுக்கு வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்படலாம்.

உணவில் செய்ய வேண்டிய மாற்றங்கள்

உப்பு: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி போதும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வீட்டில் நான்கு பெரியவர்கள் இருந்தால் மாதத்திற்கு 600 கிராம். உங்கள் வீட்டில் ஒரு கிலோ பொட்டலம் எத்தனை நாளில் தீர்கிறது என்று கணக்கிடுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம், கடை மிக்சர் ஆகியவற்றில் உள்ள உப்பு இதற்கு மேல். கருவாட்டை வெந்நீரில் இருமுறை அலசி, குழம்பில் வேறு உப்பு சேர்க்காமல் சமைக்கலாம். பழைய சோறு நல்ல உணவே. அதோடு ஊறுகாய்க்குப் பதிலாகச் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளுங்கள். கடலோர நிலத்தில் உப்பு ஏறினால் நெல் படும் பாட்டை அறிந்த பாகூர் உழவருக்கு உப்பின் கேட்டை விளக்க வேண்டியதில்லை.

சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், சாதாரண உப்புக்குப் பதிலாக முக்கால் பங்கு சோடியம் குளோரைடும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பைக் கொடுத்தார்கள். பக்கவாதம் நூற்றுக்கு 14 பங்கு குறைந்தது. பொட்டாசியம் குளோரைடு என்பது நாம் வயலுக்கு இடும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ்தான். ஆனால் உர மூட்டையில் உள்ளது உண்ணத் தக்கதல்ல. மேலும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், டெல்மிசார்டன் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பொட்டாசியம் உடலில் தேங்கி ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்ட பின்பே கலப்பு உப்பு வாங்க வேண்டும்.

அரிசி: இந்தியர்களின் உணவு ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருவதாக 2025-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அதில் ஒரு சிறு பகுதியைப் பருப்பு, பால் போன்ற புரத உணவுகளுக்கு மாற்றினாலே சர்க்கரை நோய் வாய்ப்பு குறையும் என்றும் அது காட்டுகிறது. நெல் விளைவிக்கும் நம்மிடம் சோற்றை விடச் சொல்வது இயலாத காரியம், தேவையும் இல்லை. தட்டில் பாதியைக் காய், கீரையால் நிரப்புங்கள். கால் பங்கு பருப்பு, பயறு, மீன் அல்லது முட்டை. மீதிக் கால் பங்கு சோறு. உளுந்தும் பச்சைப்பயறும் நெல் தரிசில் விளைவதை முழுவதும் சந்தைக்கு அனுப்பாமல் வீட்டுக்கும் ஒரு பங்கு வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் சில வேளைகள் கேழ்வரகு, கம்பு சேர்க்கலாம். ஆனால் கேழ்வரகும் மாவுச்சத்தே. "கூழ்தானே" என்று அளவின்றிக் குடிக்கக் கூடாது. மத்தி, நெத்திலி போன்ற மலிவான கடல் மீன்கள் இதயத்திற்கு நல்லவை. வறுக்காமல் குழம்பு வைத்து உண்ணுங்கள்.

எண்ணெய்: ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் அளவு போதும். கடலையெண்ணெய், நல்லெண்ணெய் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். பாமாயிலையும் வனஸ்பதியையும் குறைக்க வேண்டும். தொழிற்சாலைக் கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்திற்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் டீக்கடையில் ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் போடும் வடைக்கும் போண்டாவுக்கும் நாம்தான் காவல். கைப்பிடி வறுத்த நிலக்கடலை, உப்பில்லாமல், அதைவிட நல்ல சிற்றுண்டி.

புகை, மது, உழைப்பு, உறக்கம்

பீடியும் சிகரெட்டும் ஒன்றே. "நாளைக்கு மூன்றுதான்" என்பதும் பாதுகாப்பு ஆகாது. நிறுத்திய ஓராண்டில் அதனால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழப் பாதியாகிறது. இதைவிட விரைவாகப் பலன் தரும் செலவில்லாத சிகிச்சை வேறில்லை. ஹான்ஸ், குட்கா முதலியவற்றை வாயில் அடக்குவதும் இதயத்திற்குக் கேடு.

மது இரத்த அழுத்தத்தை ஏற்றும். இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும். நம் மாநிலத்தில் அது எளிதில் கிடைப்பதால் ஆபத்து கூடுதலாக உள்ளது. உடல் வலி தீரக் குடிக்கிறேன் என்பவர் வலியை மறக்கிறாரே தவிர, அது தீர்வதில்லை.

வயல் வேலை உள்ள நாட்களில் உழைப்பு போதும். அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடையில் வேலையற்ற வாரங்களே கவலைக்குரியவை. அந்நாட்களில் தினம் அரை மணி, வாரம் ஐந்து நாள் வேகமாக நடக்க வேண்டும். ஊசுட்டேரிக் கரையோ, பாகூர் ஏரிக் கரையோ, உங்கள் ஊர்க் கரையோ போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். ஏற்கனவே நெஞ்சு இறுக்கம் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்த பின்பே தொடங்க வேண்டும்.

கடன் கவலையும், இரவில் மும்முனை மின்சாரத்திற்காக விழித்திருப்பதும் இதயத்தைத் தாக்கும். கவலையை ஒருவரிடமாவது சொல்லுங்கள். முடிந்த நாட்களில் ஏழு மணி நேரம் உறங்குங்கள்.

மாரடைப்பு வந்தால்

நெஞ்சின் நடுவில் அழுத்தம், இறுக்கம், எரிச்சல், இடது கை, தாடை, தோள், முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், காரணமில்லாத களைப்பு ஆகியவை அறிகுறிகள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பும் வாந்தி உணர்வும் மட்டும் வரலாம். "வாயு" என்று தோன்றும் வலி சில நிமிடங்களில் விடாமல் நீடித்து வியர்வையும் கூடினால், அதை இதய வலி என்றே கருத வேண்டும்.

உடனே வேலையை நிறுத்தி உட்கார வையுங்கள். 108-ஐ அழையுங்கள். நோயாளி தாமே வண்டி ஓட்டிச் செல்லக் கூடாது. சோடா, கஷாயம், உள்ளூர் ஊசி என்று நேரத்தை வீணாக்கக் கூடாது. ஆஸ்பிரின் ஒவ்வாமையோ குடற்புண்ணில் இரத்தப் போக்கோ இல்லாதவர்கள், 108-இல் பேசும் பணியாளர் கூறினால் 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். வாய் கோணுதல், ஒரு பக்கக் கை செயலிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். அப்போது ஆஸ்பிரின் தரவே கூடாது, 108 மட்டுமே.

உறைந்த கட்டியைக் கரைக்கும் ஊசியோ, குழாயைத் திறக்கும் சிகிச்சையோ முதல் சில மணி நேரத்தில் கிடைத்தால் தசையின் பெரும் பகுதி பிழைக்கும். பாகூரிலிருந்து புதுவை நகரம் சுமார் 20 கி.மீ.தான். 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் மருத்துவமனை கோரிமேட்டில் இதய நோய்ப் பிரிவோடு உள்ளது. தூரம் நமக்குத் தடை அல்ல, தயக்கமே தடை. அண்டைத் தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். நேரத்தின் அருமையை உணர்ந்து வகுத்த திட்டம் அது.

பட்டத்திற்கேற்ற உடல்நல அட்டவணை

சித்திரை, சொர்ணவாரி நாற்றங்காலுக்கு முன்: இரத்த அழுத்தம், எடை, இடுப்புச் சுற்றளவு.

ஆடி, சம்பா உழவுக்கு முன்: மண் மாதிரி கொடுக்கும் வாரத்திலேயே இரத்தமும் கொடுங்கள். சர்க்கரை, கொழுப்பு, கிரியேட்டினின் பார்த்துவிடலாம். இரண்டு மாத மாத்திரை கையிருப்பு.

ஐப்பசி, மழைக்காலத்திற்கு முன்: இரத்த அழுத்தம். வெள்ளத்தால் வழி அடைபட்டாலும் மாத்திரை நிற்காதபடி ஏற்பாடு.

தை, சம்பா அறுவடைக்குப் பின்: இரத்த அழுத்தம்; சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு மீண்டும் மூன்று மாதச் சராசரி; நடைப்பயிற்சி தொடக்கம்.

இந்த எண்களை எல்லாம் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி மண் வள அட்டையோடு சேர்த்து வையுங்கள். எந்த மருத்துவரிடம் சென்றாலும் அதை எடுத்துச் செல்லுங்கள்.

என் தந்தை இப்போது காலையும் மாலையும் மாத்திரையைத் தவறவிடுவதில்லை. வரப்பில் உட்கார்ந்தபடி மற்றவர்கள் நடுவதைப் பார்க்கிறார். "அன்றைக்கே ஒரு ஆட்டோ பிடித்திருந்தால் நானும் இறங்கியிருப்பேன்" என்று சில சமயம் சொல்கிறார். ஒரு பட்டம் போனால் மறு பட்டத்தில் ஈடு செய்யலாம். மடிந்த இதயத் தசைக்கு மறு நடவு இல்லை. ஆகவே உழவர் பெருமக்களே, இந்த மாதமே குடும்பத்தோடு அருகிலுள்ள சுகாதார நிலையத்திற்குச் சென்று உங்கள் எண்களை அறிந்து வாருங்கள்.